இத்தாலி போகும் முன்பே இத்தாலியன் கதைக்கப் பழகுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறையில் காத்திருப்பவர்களுக்கு

கணவனோ மனைவியோ இத்தாலியில் இருக்க, நுல்லா ஒஸ்தா (குடும்பத்தை அழைக்க இத்தாலி தரும் அனுமதி) வரும்வரை ஊரில் காத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை விசாவில் போக இருப்பவர்களுக்கும் பயன்படும். நான் களுவாஞ்சிகுடியில் இருந்தபோது இத்தாலியனைத் தமிழில் சொல்லித்தர எனக்கு யாரும் கிடைக்கவில்லை. இருந்ததை வைத்துத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். மிச்சத்தைப் பலெர்மோவுக்கு வந்த பிறகுதான் படிக்க முடிந்தது. இங்கே நம் பெண்கள் எத்தனையோ பேர், வந்து பல வருடம் ஆகியும் டொக்டரிடம் தங்கள் வருத்தத்தைத் தாங்களே சொல்ல முடியாமல், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுவிக்கிறார்கள். பிள்ளைக்குத் தெரியக் கூடாத வருத்தமும் இருக்குமே. அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

காத்திருக்கும் மாதங்களில் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். கடை, பஸ், டொக்டர், அலுவலகம் ஆகிய நாலு இடத்தையும் சமாளிக்கும் அளவுக்குக் கதைக்கலாம். முதலில் காதும் வாயும் பழகட்டும், இலக்கணம் அப்புறம் வரட்டும். கீழே எல்லாவற்றையும் அந்த ஒழுங்கில்தான் சொல்லியிருக்கிறேன்.

1. காசு கட்டுமுன்: என்ன சான்றிதழ் கேட்கிறார்கள்?

"ஏ1 சான்றிதழ் இல்லாவிட்டால் விசா கிடையாது" என்று சொல்லி வகுப்புக்கும் பரீட்சைக்கும் சேர்த்துக் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏ1 என்பது மொழி அறிவின் ஆரம்ப நிலை, அதற்கு மேலே ஏ2, பி1 என்று போகும். ஜெர்மனிக்குக் கணவன் அல்லது மனைவி விசாவில் போகிறவர்களுக்குப் பொதுவாக ஏ1 தேவை. இத்தாலியின் குடும்ப விசாவுக்கு அப்படி ஒரு மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை. இரண்டு நாட்டையும் போட்டுக் குழப்புவதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். விசா விதிகள் மாறக்கூடியவை. ஆகவே கொழும்பில் உள்ள இத்தாலியத் தூதரகத்தின் ஆவணப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். அதில் இல்லாத சான்றிதழுக்குக் காசு கட்டாதீர்கள்.

மொழி கணக்கில் வருவது போய் இறங்கிய பிறகு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2. எங்கே படிப்பது, எவ்வளவு செலவாகும்?

இத்தாலிக்கு ஆட்கள் கூடுதலாகப் போகும் நீர்கொழும்பு, வென்னப்புவ, மாரவிலப் பக்கம் இத்தாலியன் வகுப்புகள் உண்டு. அங்கே பெரும்பாலும் சிங்களத்தில்தான் விளக்குவார்கள். சிங்களம் நன்றாக விளங்குபவருக்குச் சரி. மற்றவர்கள் இரண்டு மொழியை ஒரே நேரத்தில் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்துப் பார்த்தால் படிப்புக் கட்டணத்தை விட மற்றச் செலவு கூடிவிடும். தங்கிப் படிக்க உறவினர் வீடு இல்லையென்றால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வீட்டிலிருந்தே படிக்க ஒரு சீ.ஆர். கொப்பி, பேனை, ஹெட்செட், போனுக்கு டேட்டா இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். டுவோலிங்கோ போன்ற செயலிகள் இலவசம். சொற்களை மனதில் பதிக்க அவை நல்லது, ஆனால் அவற்றை மட்டும் நம்பினால் வாய் திறக்காது. ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தரும் பாடங்கள் நம்மில் பலருக்குச் சிரமம். யூடியூபில் இத்தாலியர்கள் மெதுவாகக் கதைக்கும் பாடங்கள் நிறைய உண்டு. இரண்டோ மூன்றோ தெரிந்தெடுத்து, அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒரு சொல்லின் ஒலி தெரியவில்லையென்றால் கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் போட்டு ஸ்பீக்கர் அடையாளத்தை அழுத்திக் கேட்கலாம்.

ஒன்லைனில் ஆசிரியர் வைத்துப் படிப்பதென்றால் ஒரு மாதக் கட்டணத்துக்கு மேல் முன்பணம் கொடுக்க வேண்டாம். முதல் வகுப்பிலேயே உங்களைக் கதைக்க விடுகிறாரா என்று பாருங்கள். முழு நேரமும் அவர் எழுத, நீங்கள் பார்த்து எழுதும் வகுப்பென்றால் அடுத்த மாதம் விட்டுவிடலாம்.

விசா வேலையாகக் கொழும்புக்குப் போகும் பயணங்களையும் வீணாக்காதீர்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடியும்வரை நேரம் இருக்கிறது. வழியில் சில இடங்களில் சிக்னல் வராது. பாடங்களை முதலே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒலிகள்: தமிழில் எழுதிப் படிப்பதில் உள்ள பொறி

இது எல்லாவற்றையும் விட முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம்மில் எல்லோரும் செய்வது, இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிப் பாடமாக்குவது. இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அதை ஒரு அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் மெல்லெழுத்துக்குப் பின்னால் வரும் வல்லெழுத்து மெலிந்துதான் ஒலிக்கும். "தம்பி"யில் வரும் த ஒன்று, "பந்து"வில் வரும் து வேறொன்று. இத்தாலியனில் "எவ்வளவு" என்பதும் "எப்போது" என்பதும் தமிழில் எழுதினால் இரண்டுமே குவாந்தோதான். கடைசித் தோவைத் தம்பியின் த போலச் சொன்னால் "எவ்வளவு". பந்துவின் து போல மெலிந்தால் "எப்போது". சந்தையில் தக்காளியைக் காட்டி "குவாந்தோ கோஸ்தா?" என்று நம் வழக்கப்படி மெலித்துக் கேட்டால், கடைக்காரர் முழித்துக்கொண்டு நிற்பார். ஆகவே கொப்பியில் இத்தாலிய எழுத்தில் எழுதுங்கள், பக்கத்தில் தமிழ்க் கருத்தை மட்டும் எழுதுங்கள். ஒலியைக் காதால் பிடியுங்கள்.

அதேபோல் ஒற்றை எழுத்தா இரட்டை எழுத்தா என்பதையும் கவனிக்க வேண்டும். காஸா என்றால் வீடு. காஸ்ஸா என்றால் கடையில் காசு கட்டும் இடம். வயது சொல்லும்போது வரும் ஆன்னி என்ற சொல்லில் ன் அழுத்தமாக இரட்டித்து ஒலிக்க வேண்டும். ஒற்றையாகச் சொன்னால் கெட்ட கருத்து வந்துவிடும். படம், பட்டம் என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிப் பழகிய நாக்கு நம்முடையது. இத்தாலியன் படிக்கும் எத்தனையோ நாட்டுக்காரர் கஷ்டப்படும் இந்த இடம் நமக்குச் சுலபம். தெரிந்து கவனித்தால் போதும்.

இன்னும் சில:

ஆங்கிலத்தில் டி என்று சொல்லிப் பழகிய இரண்டு எழுத்தையும் (t, d) இத்தாலியனில் நம் த போல, நாக்கைப் பல்லில் தொட்டுச் சொல்ல வேண்டும். நாளை என்பது தொமானி, டொமானி இல்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் கூடப் பிழை விடுகிறார்கள்.

ஆங்கில சீ எழுத்துக்குப் பின் ஈ அல்லது ஐ எழுத்து வந்தால் "ச்ச" என்று ஒலிக்கும். இரவுச் சாப்பாடு ச்சேனா. நடுவில் ஹெச் எழுத்து வந்தால் "க" ஆகிவிடும். திறப்பு என்பது க்யாவே, தேவாலயம் க்யேஸா. ஆங்கிலப் பழக்கத்தில் "ச" என்று வாசித்துவிடாதீர்கள். சொல்லின் முதலில் வரும் ஹெச் எழுத்துக்கு ஒலியே இல்லை.

ஞ நமக்கு இருக்கிறது. சிஞ்ஞோரா என்றால் அம்மணி, பாஞ்ஞோ என்றால் குளியலறை, பிஸோஞ்ஞோ என்றால் தேவை. ஞாயிறு என்று சொல்லத் தெரிந்த எவருக்கும் இது பாடமே இல்லை. ஃப ஒலிக்கு மட்டும் மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்துப் பழகுங்கள். காய்ச்சல் என்பது ஃபெப்ரே.

இந்த ஒலிகளுக்கு முதல் இரண்டு மூன்று கிழமையைக் கொடுங்கள். இங்கே அவசரப்பட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

4. முதலில் பாடமாக்க வேண்டிய வாக்கியங்கள்

வணக்கம் சொல்வதற்கு முன்பே, விளங்காதபோது என்ன சொல்வது என்று படியுங்கள். இத்தாலியர்கள் வேகமாகத்தான் கதைப்பார்கள். அவர்களை நிறுத்த உங்களிடம் வாக்கியம் இருக்க வேண்டும்.

நொன் ஓ கப்பீத்தோ: எனக்கு விளங்கவில்லை.
புவோ ரிப்பேத்தெரே?: இன்னொருக்கால் சொல்வீர்களா?
ப்யூ ப்யானோ, பெர் ஃபவோரே: கொஞ்சம் மெதுவாக, தயவுசெய்து.
கோமே ஸி தீச்சே?: இதை எப்படிச் சொல்வது? (பொருளைக் கையால் காட்டிக்கொண்டு.)

விளங்காமல் "ஸி, ஸி" என்று தலையாட்டுவது ஆபத்து. டொக்டர் மருந்து எடுக்கும் முறையைச் சொல்லும்போதும், அலுவலகத்தில் திகதி சொல்லும்போதும் அப்படிச் செய்யவே கூடாது. இன்னொன்று, நாம் சம்மதத்துக்கு இரு பக்கமும் தலையை அசைப்போம். அங்கே அது "இல்லை" என்று விளங்கப்படும். வாய் திறந்து "ஸி" அல்லது "நோ" என்று சொல்லுங்கள்.

அடுத்ததாக மூன்று சொற்கள்: வோர்ரேய் (எனக்கு விருப்பம், வேண்டும்), பொஸ்ஸோ (நான் செய்யலாமா, என்னால் முடியும்), தேவோ (நான் செய்ய வேண்டும்). இவற்றுக்குப் பின்னால் வினைச்சொல்லை அகராதியில் இருக்கிறபடியே வைக்கலாம், மாற்ற வேண்டியதில்லை. "பொஸ்ஸோ என்த்ராரே?" உள்ளே வரலாமா? "தேவோ பகாரே கூயி?" இங்கேயா காசு கட்ட வேண்டும்? "வோர்ரேய் உன் அப்புன்தமேன்தோ" எனக்குச் சந்திப்பு நேரம் ஒன்று வேண்டும். முப்பது வினைச்சொல் தெரிந்தால் இந்த மூன்றையும் வைத்துப் பெரும்பாலான அலுவல்களை முடித்துவிடலாம். வினை விகுதிகளைப் பிறகு ஆறுதலாகப் படிக்கலாம். அதுவும் நமக்குப் புதிதில்லை. "வருகிறேன்" என்றால் "நான்" என்று சொல்லாமலே விளங்குகிறது அல்லவா? இத்தாலியனும் அப்படியே. "வெங்கோ" என்றாலே நான் வருகிறேன்.

டொக்டரிடம் போக: "மி ஃபா மாலே லா தேஸ்தா" எனக்குத் தலை நோகுது. தேஸ்தாவுக்குப் பதில் பான்ச்சா போட்டால் வயிறு. "ஓ லா ஃபெப்ரே தா த்ரே ஜோர்னி" மூன்று நாளாகக் காய்ச்சல். இந்தத் "தா" மிக முக்கியம், எத்தனை நாளாக என்பதுதான் டொக்டரின் முதல் கேள்வியாக இருக்கும். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதற்கான வாக்கியத்தையும் போகும் முன்பே எழுதிப் பாடமாக்குங்கள். பெண் என்றால் "ஸோனோ அல்லேர்ஜிக்கா", ஆண் என்றால் "அல்லேர்ஜிக்கோ". அவசரத்துக்கு அழைக்கும் இலக்கம் 112.

எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மேசைக்கும் கதிரைக்கும் ஏன் பால் என்று யோசித்து மாதக்கணக்கில் முடங்க வேண்டாம். பெரும்பாலும் ஓவில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண். பிழைவிட்டாலும் ஆட்களுக்கு விளங்கும்.

5. பெயரும் இலக்கமும்

நம் பெயர்கள் இத்தாலியர்களுக்கு நீளமானவை, தொலைபேசியில் ஒருவருக்கும் பிடிபடாது. அங்கே பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஊர்ப் பெயர்களைப் பயன்படுத்துவார்கள். சிவகுமார் என்ற பெயரை இப்படிச் சொல்ல வேண்டும்: ஸவோனா, ஈமொலா, வெனேத்ஸியா, அன்கோனா, கப்பா, ஊதினே, மிலானோ, அன்கோனா, ரோமா. கப்பா மட்டும் ஊர் இல்லை, கே எழுத்தின் பெயர். ஹெச் எழுத்தின் பெயர் அக்கா, நம் அக்கா போலவே ஒலிக்கும். தர்ஷினி, ஹரிஷ் போன்ற பெயர்க்காரருக்கு இது நிறையத் தேவைப்படும். ஜே எழுத்து ஈ லூங்கா, வை எழுத்து இப்ஸிலோன். உங்கள் முழுப் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படி இப்படி எழுதி, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பாடமாக்குங்கள்.

கொஞ்ஞோமே என்றால் குடும்பப் பெயர், நோமே என்றால் உங்கள் பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கமே இல்லாததால், தகப்பன் பெயர் அந்த இடத்தில் நிற்கும். படிவத்தில் எது எங்கே என்பது கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் ஆங்கில எழுத்துகள் வேறுபட்டால் ஊரில் இருக்கும்போதே திருத்தும் வேலையைத் தொடங்குங்கள். அங்கே போனதும் கிடைக்கும் கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரிக் குறியீடு (எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 16) உங்கள் பெயர், பிறந்த திகதி, பிறந்த நாடு ஆகியவற்றை வைத்துத்தான் உருவாகிறது. பெண்களுக்குப் பிறந்த நாளோடு 40 கூட்டியிருக்கும். 12ஆம் திகதி பிறந்தவருக்கு 52 என்று வந்தால் பிழையென்று பதற வேண்டாம்.

இலக்கங்களில் 60, 70 இரண்டும்தான் காதைக் குழப்பும். ஸெஸ்ஸான்தா 60, ஸெத்தான்தா 70. நேரம் 24 மணிக் கணக்கில் சொல்வார்கள். "அல்லே குவின்திச்சி" என்றால் பிற்பகல் 3 மணி. விலையில் காற்புள்ளியும் புள்ளியும் நம் வழக்கத்துக்கு எதிர்மாறு. 1,50 என்றால் ஒன்றரை யூரோ, 1.200 என்றால் ஆயிரத்து இருநூறு. வாடகை ஒப்பந்தம் பார்க்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

6. மரியாதை

தூ என்றால் நீ, லேய் என்றால் நீங்கள். டொக்டர், அலுவலர், வயதானவர், முன்பின் தெரியாதவர் எல்லோரிடமும் லேய்தான். மன்னிக்கவும் என்பதற்கு ஸ்கூஸி மரியாதை, ஸ்கூஸா நெருக்கம். எப்படி இருக்கிறீர்கள் என்பது கோமே ஸ்தா, எப்படி இருக்கிறாய் என்பது கோமே ஸ்தாய். ச்சாவோ எல்லோருக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் அலுவலகத்தில் சொல்ல வேண்டாம். புவோன்ஜோர்னோ என்று சொல்லுங்கள், பிற்பகல் சாய்ந்த பிறகு புவோனஸேரா. வீட்டு வேலைக்கோ முதியவர் பராமரிப்புக்கோ போகிறவர்கள் ஒருவர் வீட்டுக்குள் கால் வைக்கும்போது "பெர்மெஸ்ஸோ" என்று கேட்டுவிட்டு நுழைய வேண்டும். இந்த ஒரு சொல்லுக்காகவே உங்களை நல்ல விதமாகப் பார்ப்பார்கள்.

7. யாரோடு கதைத்துப் பழகுவது?

இத்தாலியில் இருக்கும் உங்கள் ஆளோடுதான். ஒவ்வொரு நாளும் எடுக்கும் வட்ஸ்அப் அழைப்பில் முதல் பத்து நிமிடம் இத்தாலியன் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு கவனம் வேண்டும். வேலைத்தலத்தில் காதால் மட்டும் படித்தவர்கள் வினையை மாற்றாமலே கதைப்பார்கள், எல்லோரையும் தூ என்பார்கள். பலெர்மோ, நாப்போலி போன்ற இடங்களில் ஊர்ப் பேச்சும் கலந்திருக்கும். பலெர்மோவின் பல்லரோ சந்தையில் கேட்கும் பேச்சு பாடத்தில் கேட்டது போல இருக்காது. அவர்களிடம் துணிச்சலைப் படியுங்கள். சரியான வடிவத்தைப் பாடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில், சமையலறைப் போத்தல்களில் சிறு காகிதம் ஒட்டுங்கள். அரிசிக்கு ரீஸோ, உப்புக்கு ஸாலே, சீனிக்கு த்ஸூக்கெரோ, வெங்காயத்துக்கு ச்சிப்போல்லா. எடுக்கும்போதெல்லாம் சத்தமாகச் சொல்லுங்கள். சந்தைக்குப் போனால் மீனின் விலையை மனதுக்குள் இத்தாலியனில் சொல்லிப் பாருங்கள். வெட்கமாக இருந்தால் கல்லடிக் கடற்கரையில் நடந்தபடி போனைக் காதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், அழைப்பில் இருக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். கிழமைக்கு ஒருமுறை உங்கள் குரலைப் பதிவு செய்து பழையதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

8. போய் இறங்கிய பிறகு

இறங்கி 8 வேலை நாட்களுக்குள் பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோவுக்கு (இத்தாலியில் தங்கியிருக்கும் அனுமதி) விண்ணப்பிக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டவர், ஒரு வருடமோ கூடவோ செல்லும் அனுமதியோடு முதல் தடவையாகப் போனால் ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைப்பார். தொடக்கத்தில் 16 புள்ளிகள் தருவார்கள், இரண்டு வருடத்தில் 30 ஆக்க வேண்டும். ஏ2 அளவில் கதைக்கத் தெரிவது அதில் ஒரு பகுதி. தொடக்கத்தில் நடக்கும் குடியியல் அறிவூட்டலுக்குப் போகாமல் விட்டால் 15 புள்ளி குறையும். ஆகவே அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

படிக்க நல்ல இடம் வளர்ந்தோருக்கான அரசாங்கக் கல்வி நிலையம். ச்சிப்பீயா என்பார்கள். கட்டணம் இல்லை, அல்லது காப்புறுதி போன்றதற்குச் சிறு தொகை. கடவுச்சீட்டு, பெர்மெஸ்ஸோ அல்லது அதற்கு விண்ணப்பித்த ரசீது, கோதிச்சே ஃபிஸ்காலே மூன்றின் பிரதியையும் கொண்டு போங்கள். ஒரு சிறு சோதனை வைத்துப் பிரிவு சொல்வார்கள். ஏ1க்கு 100 மணித்தியாலம், ஏ2க்கு 80. வருகை குறைந்தால் சான்றிதழ் தர மாட்டார்கள், வேலை நேரத்துக்கு ஏற்ற வகுப்பை முதலே கேட்டு எடுங்கள். கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்கும், இடங்கள் நிரம்பிவிடும். கோடையில் போய் இறங்குபவர்கள் விடுமுறை என்று இருந்துவிடாமல் பதிவு எப்போது என்று போய்க் கேளுங்கள். பலெர்மோவில் பல்கலைக்கழகத்தின் இத்தாஸ்த்ரா பள்ளியும், ரோமில் சான்ட் எஜீதியோ அமைப்பின் இலவசப் பள்ளியும் உண்டு.

ஐந்து வருடம் சட்டப்படி இருந்தபின் நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பிக்க ஏ2 வேண்டும். கல்வி நிலையத்தின் ஏ2 சான்றிதழ் கையில் இருந்தால் ப்ரெஃபெத்தூரா (அந்தப் பகுதியின் அரசாங்க அலுவலகம்) வைக்கும் பரீட்சை தேவையில்லை. இல்லாதவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து இலவசமாக எழுதலாம், 100க்கு 80 எடுக்க வேண்டும். குடியுரிமைக்கு பி1. அதை சியெனா, பெரூஜா, ரோமா த்ரே பல்கலைக்கழகங்களும் தாந்தே அலிகியேரி சங்கமும் நடத்தும் பரீட்சைகளில் எடுக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. ஒரே பரீட்சைக்கு நிலையத்துக்கு நிலையம் தொகை மாறும், ஆகவே பதியுமுன் இரண்டு மூன்று நிலையங்களில் விசாரித்துப் பாருங்கள். பரீட்சை நாளில் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டையின் மூலப் பிரதியைக் கொண்டு போங்கள். பதிவில் உள்ள பெயர் எழுத்தெழுத்தாக அதோடு ஒத்திருக்க வேண்டும்.